பெயர் சொல்லாதவள்

ஆறாவது முறை போனபோது யம்னா மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சமையலறை மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து ஒரு கூடை மீனைக் கொட்டியிருந்தாள். தலையைக் கிள்ளி எறிந்து, கட்டைவிரலை வயிற்றுக்குள் விட்டு, முள்ளை ஒரே இழுப்பில் உருவினாள். கை வேலையில் இருந்தால்தான் அவளுக்கு வாய் திறக்கும் என்பதை இந்த ஒன்றரை மாதத்தில் சுகைனா கண்டுகொண்டிருந்தாள். ஆகவே ஒன்றும் சொல்லாமல் மைக்கை அவள் கழுத்துப்பட்டியில் குத்திவிட்டு, ரிக்கார்டரை ரத்தம் தெறிக்காத தூரத்தில் வைத்து எதிரே உட்கார்ந்தாள்.

சுகைனாவுக்கு முப்பத்திரண்டு வயது. காஸாபிளாங்காவில் ஒரு பெண்கள் சங்கத்தில் வேலை. நகரத்தில் போராடி அடிபட்டுச் சிறை போன பெண்களைத் தேடிப்போய் அவர்கள் குரலைப் பதிவதுதான் அந்த வேலை. பத்தொன்பது பேர் முடிந்திருந்தது. ஒருத்திக்கு முன்பற்கள் கிடையாது, பூட்ஸ் காலால் உதிர்த்தவை. ஒருத்தி நாற்பது வருடமாக விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியதில்லை. இன்னொருத்தி எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சுகைனா படியிறங்கி வரும்போது மேலே அவள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. பதிந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக எழுதவும் வேண்டும். "கல்யாணம் பண்ண வேண்டிய வயசுல செத்தவங்க ஒப்பாரியைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா பாரு" என்று அம்மா புலம்புவாள். "அவங்க யாரும் சாகலம்மா, அதான் கஷ்டம்" என்பாள் சுகைனா.

யம்னா இருபதாவது ஆள். அந்த நகரத்தில் தொழிற்சங்கம் என்று வாயெடுத்தவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். மே தின ஊர்வலத்தில் முதல் வரிசையில் அவளை நிறுத்துவார்கள். உள்ளங்காலில் அடித்து அடித்து எலும்பு கூடாமல் போனதால் பாதத்தின் ஓரத்தில் ஊன்றி நடப்பாள். ஆம்பளைச் செருப்பைத்தான் போட முடியும். 'பெயர் சொல்லாத யம்னா' என்பதே அவளுக்கு வழங்கிய பெயர். இன்னும் மூன்று வாரத்தில் சங்கம் ஒரு கண்காட்சி வைக்க இருந்தது. வாசல் சுவர் முழுவதும் அவள் முகம், அதன் கீழே இரண்டு வரி: பதினேழு நாள் அடித்தார்கள். ஒரு பெயரும் சொல்லவில்லை.

முதல் ஐந்து முறையும் அவள் சொன்னது ஊருக்குத் தெரிந்த கதைதான். எண்பத்தொன்றாம் வருடம் ரொட்டி விலை ஏறியது, ஜூன் மாத வேலைநிறுத்தம், தெருமுனையில் வந்து நின்ற டாங்கிகள். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவளின் தாடை திடீரென்று இல்லாமல் போனது. சுட்டதைக் கேட்டு ஜன்னலைத் திறந்த ஒரு கிழவர் ஜன்னலிலேயே தொங்கியது. பிணங்களை லாரியில் ஏற்றும்போது ஒன்று முனகியதை அவள் கேட்டாள், லாரி நிற்கவில்லை. இதையெல்லாம் அவள் பலமுறை பலருக்குச் சொல்லியிருந்தாள். எங்கே குரல் இறங்க வேண்டும், எங்கே நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதுகூட வழுவழுவென்று ஆகியிருந்தது.

"அது ஓடுதா?" என்றாள்.

"ஓடுது பெரியம்மா."

"ஓடட்டும். நடுவுல நான் நிறுத்துன்னாலும் நிறுத்தாத."

பழைய இடத்திலிருந்துதான் தொடங்கினாள். முந்நூறு பெண்கள் வேலை செய்த தையல் ஆலை. காலையில் உள்ளே விட்டுக் கதவை வெளியே பூட்டிவிடும் மேஸ்திரி. மிஷினடியிலேயே கரு கலைந்து விழுந்தவள். அந்த ரத்தத்தைக் கழுவிவிட்டு அரை மணி நேரத்தில் அதே நாற்காலியில் இன்னொருத்தியை உட்கார வைத்தது. ஆண்கள் நுழைய முடியாத இடம் என்பதால் வியாழக்கிழமைகளில் பொதுக் குளியல் விடுதியின் ஆவிக்குள் உட்கார்ந்து, ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துக்கொண்டே ஏழு பேர் சேர்ந்து சங்கம் கட்டியது. இதுவரை சுகைனா ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு வந்ததுதான் புதிது.

"மே மாசம் ஒரு வியாழக்கிழமை குளியல் வாசல்லயே ரெண்டு பேரைத் தூக்கிட்டாங்க. தலை ஈரம்கூடக் காயல. நாங்க அங்க கூடறது எங்க ஏழு பேருக்குத்தான் தெரியும். யாரோ சொல்லியிருக்கா. மிச்சம் அஞ்சு பேர். அதுல ஹனியான்னு ஒரு பொண்ணு, பதினேழு வயசு, பட்டன் ஓட்டை தைக்கறவ. ரெண்டு நாள் முன்னாடி அவ போலீஸ் ஜீப்புல இருந்து இறங்கினத நம்மாளு ஒருத்தி பாத்திருக்கா. எதுக்குடி ஜீப்புல போனன்னு கேட்டா வாயைத் திறக்கல. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டா. எங்களுக்கு அது போதும்."

வெள்ளிக்கிழமை நண்பகல் மேஸ்திரி தொழுகைக்குப் போன நேரம். இஸ்திரி போடும் அறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். யம்னா பேச்சை நிறுத்திவிட்டு, செதிலும் ரத்தமுமாக இருந்த தன் இடது கையை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"இப்படி. புறங்கை. இஸ்திரிப் பெட்டிய நாந்தான் எடுத்தேன். மத்தவளுக தயங்கினாளுக, நான் தயங்கல. 'சொல்லுடி'ன்னேன். 'நான் இல்லக்கா'ன்னா. வச்சேன். வைக்கறப்போ ஒருத்தி வாயைப் பொத்திக்குவா, எடுத்ததும் கையை எடுப்பா, பதில் சொல்லணுமில்ல. பின்னாடி போலீஸ்காரன் எனக்குச் செஞ்சதும் அச்சு அசல் அதேதான். யார்கிட்ட இருந்து யார் கத்துக்கிட்டோமோ தெரியல. மூணு தடவ வச்சேன். மூணாவது தடவ எடுக்கறப்போ தோல் பெட்டியோட வந்துச்சு. அப்பவும் 'நான் இல்லக்கா'தான். என்ன நெஞ்சழுத்தம் பாருன்னுதான் தோணுச்சு எனக்கு. இரக்கம் வரல. மணி அடிச்சதும் எழுந்து, கையில ஒரு கந்தையச் சுத்திக்கிட்டு, போய் மிஷின்ல உக்காந்தா. சாயந்தரம் வரைக்கும் ஒத்தைக் கையால தச்சா."

சுகைனா ரிக்கார்டரைப் பார்த்தபடி இருந்தாள். மற்றவர்கள் பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதுதான் வழக்கம், இப்போது முடியவில்லை. அதன் திரையில் நிமிட எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. யம்னா அடுத்த மீனை எடுத்தாள்.

"அப்புறம் ஜூன் வந்துச்சு, சுட்டாங்க, எட்டாம் நாள் என்னைப் புடிச்சாங்க. அங்க நடந்ததெல்லாம் உங்கிட்ட சொல்லியாச்சு. பொய் இல்ல, எல்லாம் நடந்துச்சு. கம்புல கோத்துத் தொங்க விட்டது, காலு, வாயில பினாயில் துணி. ஒண்ணே ஒண்ணு மாத்திச் சொல்லியிருக்கேன். 'ஒரே ஒரு பேரு குடு, தண்ணி தர்றேன்'னு ஒருத்தன் தினம் கேப்பான். குரல் மட்டும்தான் தெரியும், கண்ணைக் கட்டியிருந்தாங்க. எத்தனாவது நாளோ, எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பெரிய புத்திசாலித்தனம்னு நினைச்சுக்கிட்டேன். இவனுக நாயை இவனுகளுக்கே திருப்பிக் குடுப்போம். ஹனியா அவனுக ஆளுதானே, அவ பேரைச் சொன்னா அவளுக்கு என்ன ஆகப்போகுது? சொன்னேன். ஹனியா, பட்டன் ஓட்டை செக்ஷன். தண்ணி குடுத்தான். நல்லா குளுந்த தண்ணி."

கூடையில் மீன் தீர்ந்திருந்தது. அவள் கைகள் காகிதத்தின் மேல் சும்மா கிடந்தன. சுகைனாவுக்கு அது பயமாக இருந்தது.

"மறுநா அவளைக் கொண்டாந்தாங்க. நடுவுல பலகைத் தடுப்பு. நான் இந்தப் பக்கம் தரையில கெடக்கேன்னு அவளுக்குத் தெரியாது. மத்தியானம் லுஹர் பாங்கு சொல்றப்போ ஆரம்பிச்சாங்க. 'கமிட்டிக்குத் தலைவி யாரு? உன் கையைச் சுட்டது யாரு?' அவ்வளவுதான் கேள்வி. அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், நான் பத்து வருஷம் உள்ள போயிருப்பேன். 'பெட்டி தவறி விழுந்துச்சு, என் தப்பு.' இதையே சொன்னா. அடிப்பாங்க, கத்துவா, திரும்ப அதையே சொல்லுவா. அப்போ அந்தக் குரல் சொல்லுச்சு: 'துறைமுகத்துல மிதந்த உங்கப்பன் பொணத்த அடையாளம் காட்ட என் ஜீப்புல கூட்டிட்டுப் போனேனே, அந்த நன்றிக்காவது சொல்லு.' குடிச்சுட்டு விழுந்து செத்த அப்பன். அந்த வெக்கத்துலதான் அவ எங்ககிட்ட வாயைத் திறக்கல. அப்போதான் எனக்குத் தெரியும். சாயந்தரம் அஸர் பாங்கு வரைக்கும் அடிச்சாங்க. அதுக்கு மேல சத்தம் வரல. கணுக்கால்ல புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க, தலை படியில தட்டித் தட்டிப் போற சத்தம். நான் வாயைத் திறக்கல. 'நாந்தான்டா சுட்டேன், அவளை விடு'ன்னு சொல்லியிருக்கலாம். இந்தா இருக்கு தடுப்பு, கை நீட்டினா எட்டும். சொல்லல."

"காட்டிக்கொடுத்தது யாருன்னு..." என்று சுகைனா தொடங்கினாள்.

"இன்னிக்கு வரைக்கும் தெரியாது. யாராவும் இருக்கலாம். குளியல் விடுதியில வாளி எடுத்துக் குடுக்கறவளாக்கூட இருக்கலாம்." யம்னா எழுந்துபோய் எலுமிச்சை மூடியால் கையைத் தேய்த்துக் கழுவினாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள். "ஹனியா உயிரோட இருந்தா கண்டுபுடி. இதைக் கேக்கவை. அவ வச்சுக்கோன்னா வச்சுக்கோ. அழின்னா அழி. சுவத்துல என் மூஞ்சிய ஒட்டறதுக்கு முன்னாடி செய்."

சங்கத்தின் தலைவி நஜாத், அந்தப் பதிவை அலுவலக அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். அவள் அப்பாவும் சிறையில் இருந்தவர். அவர் வெளியே வந்தபோது மகளை அடையாளம் தெரியவில்லை. கேட்டு முடித்ததும் நஜாத் ரிக்கார்டரைச் சுகைனா பக்கம் தள்ளினாள்.

"இதை வெளிய விட்டா என்ன ஆகும் தெரியுமா? இந்தப் பொம்பளைங்க எல்லாம் நஷ்டஈட்டுக் காசுக்காகப் பொய் சொன்னாங்கன்னு சொல்லக் காத்துக்கிட்டிருக்கற கூட்டம் ஒண்ணு இருக்கு. ஒரு யம்னா விழுந்தா, மீதிப் பத்தொன்பது பேரும் விழுவாங்க. அடிச்சவன் ஓய்வூதியம் வாங்கிட்டுப் பேரனோட கடற்கரையில நடக்கறான். நாம நம்ம ஆள் மேல தீர்ப்பு எழுதணுமா?"

"நான் தீர்ப்பு எழுதலக்கா. அவங்க சொன்னாங்க, நான் பதிஞ்சேன்."

"பதிஞ்சது உன் டிராயர்லயே இருக்கட்டும். அந்தப் பொண்ணைத் தேடாத. நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தி வீட்டுக் கதவைத் தட்டி, உன்னைக் காட்டிக்குடுத்தது இவதான்னு சொல்றதுக்கு நீ யாரு?"

நான்கு நாள் சுகைனா அந்தக் கடைசிக் கேள்வியோடு பேருந்தில் போனாள், வந்தாள். நஜாத் சொன்னதில் பொய் என்று ஒன்றுமில்லை. ஆனால் எழுதுவதற்காகக் காதில் மாட்டும்போதெல்லாம் படியில் தட்டும் அந்தத் தலை வந்து நின்றது. அப்படித் தட்டிக்கொண்டு போனவளுக்கு ஒரு முகம்கூட இல்லை, பத்தொன்பது பேரில் ஒருத்தியாகக்கூட அவள் இல்லை. அந்தப் பெண் உயிரோடிருக்கிறாளா என்று மட்டும் பார்ப்போம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, பழைய ஆலைக்காரி ஒருத்தியிடம் விசாரித்தாள். "கைவெந்த ஹனியாவா? லஹ்ராவியீன் சந்தையில ரொட்டி சுடறாளே" என்று உடனே பதில் வந்தது. யம்னா வீட்டிலிருந்து இருபது நிமிட தூரம். இத்தனை வருடமும் இருபது நிமிட தூரத்தில்.

ஒரு சனிக்கிழமை மதியம் போனாள். சந்தை ஓரத்தில் தார்ப்பாய் கட்டிய தள்ளுவண்டி. பின்னால் குட்டையான, தோள் அகன்ற பெண் ஒருத்தி எண்ணெய் தடவிய பலகையில் மாவை மெல்லிசாக விரித்து, நான்காக மடித்து, கல்லில் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையின் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மடங்கியிருந்தன. அந்தக் கையின் அடிப்பகுதியால் மாவைத் தள்ளினாள். வலது கையைவிட வேகமாக.

"நேத்துதான் எண்ணெய் ஜாஸ்தி, கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போன. இன்னிக்கு எதுக்குடா வந்து நிக்கற? உன் பொண்டாட்டி சமைச்சாளா?" என்று ஒரு லாரி ஓட்டுநரை விரட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு கேட்டான்.

சுகைனா ஒரு ரொட்டியைத் தின்று முடித்து, கூட்டம் குறைந்ததும், தான் யார் என்று சொன்னாள். ஹனியா மேலும் கீழும் பார்த்தாள்.

"நஷ்டஈடு கமிஷன் வந்து போயி இருபது வருஷம் ஆச்சே. நீ இப்பத்தான் பஸ் புடிச்சியா?"

"அப்போ நீங்க மனு குடுக்கலையா?"

"குடுத்து? பதினோரு நாள் போலீஸ் காவல்ல கெடந்தவன்னு காயிதத்துல எழுதிக் குடுத்துட்டு எவன்கூடக் குடும்பம் நடத்தறது? என் புருஷன் சாகற வரைக்கும் அவருக்குத் தெரியாது. கையைக் கேட்டா இஸ்திரிப் பெட்டின்னேன். முதுகைக் கேட்டா அப்பன் அடிச்சார்னேன். பாவம், செத்த மனுஷன் மேல பழி." மாவு உருண்டை ஒன்றை எடுத்துத் தட்டினாள். "யாரோ என் பேரைக் குடுத்தாங்க. அந்த மேஸ்திரி நாயாத்தான் இருக்கும். அவன் செத்தன்னிக்கு நான் ஊருக்கு இனாமா ரொட்டி சுட்டுக் குடுத்தேன்."

இங்கேயே எழுந்து போய்விடலாம் என்று சுகைனா நினைத்தாள். அந்த ரொட்டியைத் தின்றவர்கள் சந்தோஷமாகத்தான் தின்றிருப்பார்கள். மேஸ்திரிக்கும் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது. "மேஸ்திரி இல்லம்மா. யம்னா."

ஹனியாவின் கை நின்றது. "எந்த யம்னா?" என்றாள், தெரியாதவள் மாதிரி. பிறகு, "அவ எப்படி? ஒரு பேரும் சொல்லாதவளாச்சே?" என்றாள்.

"அவங்களே சொல்லியிருக்காங்க. நீங்க கேக்கணும்னு சொன்னாங்க. வேண்டாம்னா வேண்டாம்."

ஹனியா கையைத் துடைத்துக்கொண்டு இயர்போனை வாங்கி ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டாள். அடுப்பை அணைக்கவில்லை. வாடிக்கையாளர் வந்தார்கள், கேட்டதைக் கொடுத்தாள், முட்டை உடைத்து ஊற்றினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு இடத்தில் மட்டும், அது எந்த இடம் என்று சுகைனாவுக்கு நிமிடக் கணக்கில் தெரியும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கல்லில் இருந்த ரொட்டி கருகிப் புகைந்தது. "அம்மா, தீயுது!" என்று எதிர்க்கடைக்காரன் கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் காதிலிருந்து கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றிக் கொடுத்தாள்.

"அவ வீடு எங்க?"

"இன்னொரு நாள் நானே வந்து..."

"இன்னிக்கு." அடுப்பை அணைத்தாள். "எதிர்க்கடை, வண்டியப் பாத்துக்கோ. ஒரு சாவு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."

ஷேர் டாக்சியில் ஆறு பேரோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்து வரும்போது சுகைனா யம்னாவுக்குச் செய்தி அனுப்பினாள். 'வரட்டும்' என்று ஒற்றை வார்த்தை வந்தது. உடனே நஜாத்தின் அழைப்பு, அவளுக்கு யார் சொன்னார்களோ. சுகைனா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பக்கத்தில் ஹனியா மடியில் கைகளை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய விரல்களுக்கிடையே மாவு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு சிக்னலில் நின்றபோது, தனக்குத்தானே சொல்வதுபோல், "குளுந்த தண்ணியாம்" என்றாள்.

மூன்றாவது மாடி. கதவு திறந்தேயிருந்தது. யம்னா கூடத்தின் நடுவில், ஆம்பளைச் செருப்பு இல்லாமல், வெறுங்காலோடு நின்றிருந்தாள். கோணலாகத் திரும்பிய அந்தப் பாதங்களை சுகைனா அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள்.

"வா ஹனியா" என்றாள் யம்னா.

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது வாயில். மூன்றாவதற்கு ஹனியா அவள் முக்காட்டோடு சேர்த்து முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, மருதாணித் தலையைக் கதவு நிலையில் மோதினாள். மரப்பலகையில் தேங்காய் விழுந்த மாதிரி சத்தம். யம்னா கையைத் தூக்கவில்லை. சரிந்து விழுந்தவளை ஹனியா விடாமல், வெந்த கையின் அடியால், மாவு தள்ளும் அதே வேகத்தில், முதுகிலும் தோளிலும் குத்தினாள். சுகைனா பின்னாலிருந்து பாய்ந்து இடுப்பைப் பிடித்தாள். முழங்கை வந்து வாயில் பட்டது. உதடு பல்லில் கிழிந்து வாயெல்லாம் உப்பாக ரத்தம்.

"விடு அவளை!" என்று தரையிலிருந்து யம்னா கத்தினாள். சுகைனாவைப் பார்த்துத்தான் கத்தினாள். "நீ நடுவுல வராத, பொண்ணே!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் தலையை நீட்டி, "யா அல்லா, போலீசைக் கூப்பிடவா?" என்றாள்.

அந்த வார்த்தைக்கு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். "வேண்டாம்!" என்றாள் ஹனியா. "கதவைச் சாத்திக்கோ, குடும்ப விஷயம்" என்றாள் யம்னா, நெற்றியிலிருந்து ரத்தம் வழிய. எதிர்வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

ஹனியா மூச்சு வாங்கியபடி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். "ஒரு மத்தியானம் முழுக்க. ஒரு மத்தியானம் முழுக்க உன் பேரை நாக்குக்கு அடியில வச்சிருந்தேன்டி. நீ பலகைக்கு அந்தாண்ட படுத்துக்கிட்டுக் கேட்டிருக்க."

"கேட்டேன்."

"அதுக்கப்புறம் உண்டான பிள்ளை ஒண்ணும் எனக்குத் தங்கல, தெரியுமா? மூணு. மூணும் பாதியிலேயே போச்சு. வயித்துல மிதிச்சான் இல்ல, அதுவும் கேட்டுச்சா?"

யம்னாவின் வாய் கோணியது. "கேட்டுச்சு" என்றாள். கையை ஊன்றி எழ முயன்று முடியாமல் முழங்காலிலேயே நின்றாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அதுக்கப்புறம் என்னை என்ன வேணா பண்ணு. என் பேரை ஏன் சொல்லல? நான் உன் கையை உரிச்சவ. ஏன் சொல்லல?"

ஹனியா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள், இருமலைப் போல ஒரு சிரிப்பு.

"உனக்காகன்னா நினைச்ச? நாப்பது வருஷமா அப்படியா நினைச்சுக்கிட்டு இருந்த? நீ யாருடி எனக்கு? அவன் என் அப்பா பொணத்தைப் பாத்து சிரிச்சான். துறைமுகத்துல, வயிறு ஊதிக் கெடந்தார், ஜீப்புல சாஞ்சுக்கிட்டு சிகரெட்டைப் புடிச்சபடி சிரிச்சான். அதே குரல். அந்தக் குரலுக்கு நான் ஒண்ணுமே குடுக்கக் கூடாதுன்னு இருந்தேன். கிழக்கு எதுன்னு கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். உன் பேரு அதுல மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்."

யம்னா அடிபட்டபோது அழவில்லை. இப்போது அவள் தோள்கள் குலுங்கின. அது அழுகைதானா, தன்மேல் இத்தனை வருடம் கிடந்த ஏதோ ஒன்று இறங்கியதா, அல்லது இருந்த ஒரே நல்லதும் கையைவிட்டுப் போனதா என்று சுகைனாவால் சொல்ல முடியவில்லை. யாரும் யாரையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஹனியா சுவரைப் பிடித்து எழுந்தாள். போய்விடுவாள் என்று சுகைனா நினைத்தாள். அவள் மேசைக்கு வந்து ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அந்த மிஷினை வெளிய எடு. அவளுதை அழிக்காத. என்னுதையும் போடு. எந்தச் சுவத்துல ஒட்டுவீங்களோ, ஒட்ட மாட்டீங்களோ, எனக்குத் தெரியாது." எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினாள். "நீ இங்க உக்காரு. பாத்துக்கிட்டே கேளு."

யம்னா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். சுகைனா மைக்கை ஹனியாவின் கழுத்துப்பட்டியில் குத்தினாள். மாவு வாசனையும் வியர்வை வாசனையும் அடித்தது. முதலில் பெயரைச் சொல்ல வேண்டும், முழுப்பெயர், பிறந்த வருடம், வேலை பார்த்த இடம் என்றாள். அதைச் சொல்லும்போது கிழிந்த உதடு எரிந்தது.

"சொல்றேன்" என்று ஹனியா வாயைத் திறந்தபோது கீழே தெருவில் ஹாரன்கள் அலறின. ஏதோ கல்யாண ஊர்வலம். மேளமும் எக்காளமும் பெண்களின் குலவையுமாகச் சந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. இந்த இரைச்சலில் பதிய முடியாது. சுகைனா விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி, பொறுங்கள் என்று மறுகையால் சைகை காட்டினாள். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேசைமேல் ஹனியாவின் வெந்த கை பிளாஸ்டிக் விரிப்பில் கவிழ்ந்து கிடந்தது. யம்னாவின் நெற்றி ரத்தம் புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை, கண்ணையும் மூடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் போய்க்கொண்டேயிருந்தன. மூன்று பேரும் தெரு அடங்கக் காத்திருந்தார்கள்.